ஒரே மூட்டையில் ஐந்து கைகள்

கஷ்ட காலத்தில் சபை எப்படி ஒருவரையொருவர் தாங்குகிறது என்று சாட்சி சொல்லச் சொன்னால், எங்கள் கிறிஸ்தவச் சபையில் யாராக இருந்தாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். பேச விஷயமும் இருக்கிறது. நானும் அந்தத் தாங்குதலில் வளர்ந்தவன்தான். ஆனால் 2020 ஊரடங்கின்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு போட்டோ இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. கோயில் வாசல், பின்னால் பேனர், நடுவில் ஒரு சின்ன அரிசி மூட்டை. மூட்டையின் ஒரு பக்கத்தைக் கமிட்டியைச் சேர்ந்த ஐந்து பேர் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கத்தை ஒரே ஒருவர். அவருடைய மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கிறது. முகம் தெரியட்டும் என்று இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மூட்டையின் தையலைப் பார்க்கிறார்.

அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். விளைச்சலைக் கர்த்தருக்குப் படைக்கிற எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. ஆராதனை முடிந்து பூசணிக்காய், முருங்கைக்கட்டு, நாட்டுக்கோழி முட்டை, கரும்பு எல்லாம் வெளியே வரும். ஏலம் கூறுகிறவர் அண்ணன். ஒரு எலுமிச்சம்பழத்தை முந்நூறு ரூபாய்க்கு ஏற்றிவிடுவார். யாரும் கேட்காத பொருளைத் தானே எடுத்துக்கொள்வார். எடுத்ததைத் திரும்பவும் மேஜையில் வைத்து, ‘இது மறுபடியும் கர்த்தருக்கு’ என்று இன்னொரு தடவை ஏலம் விடுவார். ஒரே தென்னங்கன்று மூன்று தடவை விலைபோனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் வேலை செய்த கம்பெனி ஊரடங்கில் மூடியது. திறந்தபோது பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பாதியில் அவர் இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் கோயில்கள் திறந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தோம். அண்ணன் வரவில்லை. முதலில் கொரோனா பயம் என்றார்கள். அப்புறம் வேறு சபைக்குப் போகிறார் என்றார்கள். கடைசியில் நிலைத்த பேச்சு என்னவென்றால், ‘பெருமை. கொடுத்துப் பழகின கை, வாங்க மனசு வரலை.’ அதற்கேற்றாற்போல ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலும், கொடுப்பதற்கு மட்டுமல்ல, வாங்குவதற்கும் தாழ்மை வேண்டும் என்று வந்தது. ஆயர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்னது தவறும் இல்லை. ஆனால் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. கீழே விழுந்து கிடக்கிறவனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குனி என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. பைபிளில் பவுல் கொரிந்து சபையைக் கடிந்துகொள்கிற இடம் நினைவுக்கு வந்தது. கர்த்தருடைய பந்தி என்று கூடிவந்து, இருப்பவன் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ என்று பவுல் கேட்பது அந்த இருக்கிறவர்களைப் பார்த்து. இல்லாதவர்களிடம் போய், நீங்கள் இன்னும் தாழ்மையாக இருங்கள் என்று அவர் ஒரு வரி எழுதவில்லை.

பால்பவுடர்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அரிசி மூட்டையும் போட்டோவும் சேர்ந்தால் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு நீளமான காரணம் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சபைக்குள் சாதியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதில் அவர்கள் கறாராக இருந்தார்கள். 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடு அதில் காய்ந்துபோனது. பஞ்சத்தை ஒட்டிச் சேரிச் சேரியாக ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். அவர்கள் வந்ததில் பசிக்கும் பங்கு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாத ஒருவனுக்குப் பள்ளிக்கூடமும், பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு மனிதரும், ஒரே பாத்திரத்தில் குடிக்கக் கிடைத்த திராட்சரசமும் என்னவாக இருந்திருக்கும் என்பது எங்கள் குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் ஊர் வாயில் நின்றது சோறு மட்டும்தான். சோத்துக்கு மாறினவன். அதற்குப் பிறகு, சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் வெளிநாட்டுப் பால்பவுடரும் கோதுமையும் சபைகள் வழியாகவும் பங்கிடப்பட்டபோது அந்த ஏச்சுக்குப் புதுப் பெயர் கிடைத்தது.

என் பெரியம்மா அந்தக் காலத்துக் குழந்தை. அலுமினிய டம்ளரோடு வரிசையில் நின்றவர். பள்ளிக்கூடத்தில் அவரையும் அவருடைய தங்கையையும் ‘பால்பவுடரு’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். எண்பதை நெருங்குகிற வயதில் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறும். ‘பசியை மறந்துட்டேன். அந்தப் பேரை மறக்கலை’ என்பார்.

அந்தத் தலைமுறைப் பெண்களிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. வாய் திறந்து சொன்ன பதில் இல்லை. தினமும் உலை வைக்கும் முன் படியில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசி. மாதத்துக்கு ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுவந்து டிரம்மில் கொட்டுவார்கள். இரண்டு படி கொண்டுவந்தவளும் அரைப்படி கொண்டுவந்தவளும் ஒரே டிரம்மில் கொட்டிவிட்டுப் போவார்கள். சோத்துக்கு வந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் தங்கள் சோற்றிலிருந்தே பிடி பிடியாக எடுத்து, தங்களைவிட இல்லாத வீட்டுக்கும் ஊழியர் வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வட ஆற்காட்டுச் சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டடங்களுக்குக் கொடுக்கிற பக்கங்களில் கொஞ்சத்தை இந்த டிரம்முக்கும் கொடுக்கலாம்.

இந்த அரிசியைச் சமைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். பொன்னி, ரேஷன் புழுங்கல், இட்லி அரிசி, எப்போதாவது ஒரு வீட்டுப் பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். பச்சரிசி குழைந்து போன பிறகும் ரேஷன் அரிசி பல்லில் கடிபடும். வடித்தால் கஞ்சியோடு பாதி போய்விடும். சின்ன வயதில் நான் அதைச் சாப்பிட அடம்பிடித்திருக்கிறேன். குக்கரும் மாதச் சம்பளமும் வந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் பிடியரிசி கவரில் போடுகிற காணிக்கையாக மாறியது. டிரம் சாமான் அறைக்குள் போனது.

ஒரு பை உள்ளே, ஒரு பை வெளியே

போட்டோ வந்த மறுவாரம் பெரியம்மா டிரம்மை வெளியே எடுக்கச் சொன்னார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர் போட்ட திட்டம் சாதாரணமானது. தெருவுக்குள் நடமாட விட்டதும் வீட்டு ஜெபத்துக்குப் போவது என்று ஆரம்பித்தார்கள். சபையில் ஒரு வீடு விடாமல். இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்க்கவில்லை. இரண்டு பெண்கள், கையில் பைபிள், பாட்டுப் புத்தகம், ஒரு மஞ்சள் துணிப்பை. வாசலில் நின்று ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஜெபம். அப்புறம் பை அடுப்படிக்குப் போகும். சில வீடுகளில் அது காலியாகப் போய் நிறைந்து வரும். சில வீடுகளில் நிறைந்து போய் மடித்த பையாக வரும். மடித்த பைக்குள் ஒரு பழைய துணியைத் திணித்துக்கொண்டு, அதே கனத்தோடு நடப்பதுபோல வருவார்கள். தெருவில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு, இரண்டு அம்மாக்கள் ஒரு பையோடு வீட்டுக்குள் போனார்கள், ஒரு பையோடு வந்தார்கள். அவ்வளவுதான் தெரியும்.

பொருளாளர் ஐயா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சபைப் பணம் ஒரு ரூபாய் ஆனாலும் வவுச்சர் வேண்டும். வெளியூரிலிருந்து அனுப்புகிறவர்கள் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறார்கள். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, போட்டோ இல்லை என்றால் நாளைக்கு யாராவது ஒருவர் எழுந்து, அரிசியை யார் தின்றது என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். திருச்சபைக் கணக்கில் நடக்கிற தவறுகளைப் பார்த்துப் பயந்த நேர்மையான மனிதரின் பயம் அது. பெரியம்மா அவருக்குச் சொன்ன பதில், ‘மூட்டையைப் போட்டோ எடுங்க ஐயா. பில்லை எடுங்க. டிரம்மை எடுங்க. மனுஷர எடுக்காதீங்க.’ ஒரே வீடு இரண்டு தடவை வாங்கினால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். பசி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம் என்றார் பெரியம்மா.

இந்த இடத்தில் நான் முழுக்கப் பெரியம்மா பக்கம். ஏமாற்றுகிற ஒரு வீட்டைப் பிடிப்பதற்காக உண்மையிலேயே இல்லாத பத்து வீட்டுக்காரர்களை நிற்க வைத்துக் காட்டுவது கிறிஸ்தவச் சபை செய்யக்கூடிய காரியம் இல்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனத்தைக் கொடுக்கிறவனுடைய ஆத்துமாவுக்கான மருந்தாகவே நாம் படிக்கிறோம். வாங்குகிறவனுடைய மானத்துக்கும் அதுதான் வேலி.

‘ஒத்தாசை பண்ணுப்பா’

ஆனால் அண்ணன் வீட்டில் அந்தப் பையும் வேலைக்கு ஆகவில்லை. கதவைத் திறந்து, ‘தோத்திரம்மா’ என்று சொல்லி, பாட்டுக்கு நின்று, ஜெபத்துக்குத் தலை குனிந்து, பையை மட்டும் அடுப்படிக்குப் போகவிடாமல் வாசலிலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘எங்களுக்கு வேணாம்மா. வேற வீட்டுக்குக் குடுங்க.’ அண்ணி பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். போட்டோவுக்குப் பிறகு எந்தப் பை வந்தாலும் அதற்குப் பின்னால் அவருக்கு ஐந்து கைகள் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் முறை போகும்போது பெரியம்மா பையை எடுக்கவில்லை. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். 2021 பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, யாருடைய ஸ்கூல் ஷூவுக்கோ அடி தைத்துக்கொண்டிருந்தார். மெழுகு தேய்த்த நூல், பக்கத்தில் குத்தூசி. எங்களைப் பார்த்ததும் ஷூவை மறைக்கப் பார்த்து, அப்புறம் மறைக்காமல் வைத்துக்கொண்டார். பெரியம்மா படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: ‘எனுக்கு ஒரு ஒத்தாசை பண்ணுப்பா. ஆஸ்பத்திரில செவ்வாக்கெழமை வரச் சொல்லிக்கீறாங்க. அங்க போனா எந்த வரிசைல நிக்கறது, எந்தக் கவுண்டரு, ஒன்னும் புரியல. இவன் வேலைக்குப் போயிடுவான். நீ கூட வந்தின்னா எனுக்குத் தெம்பா இருக்கும்.’

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த ஷூவைத் திருப்பி, தையலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ‘காலைல எத்தன மணிக்கும்மா?’ என்றார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியான சி.எம்.சி.க்குப் போனவர்களுக்கு அந்தக் காலை நேரம் தெரியும். விடிவதற்குள் காந்தி ரோடு நிறைந்துவிடும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ்களிலிருந்து ஃபைலோடு இறங்குவார்கள். பெட்டிக்கடை போர்டுகூட வங்காளியில் இருக்கும். உள்ளே பணம் கட்ட ஒரு இடம், ரத்தம் கொடுக்க ஒரு இடம், டாக்டர் அறை ஒரு இடம். வயதானவர்கள் தனியாகப் போனால் திணறத்தான் வேண்டும். அன்றைக்கு முழுக்க அண்ணன் பெரியம்மாவை உட்காரவைத்துவிட்டு வரிசை வரிசையாக நின்றிருக்கிறார். டாக்டர் சொன்ன மாத்திரை நேரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, காலை மாத்திரைக்குச் சூரியன் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய சூப்பர்வைசர் கையெழுத்து. அந்தத் தாள் பெரியம்மா வீட்டு பீரோவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டு வாசலில் பாட்டும் ஜெபமும் முடிந்ததும் பை அடுப்படிக்குப் போனது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணிதான் அதைக் காலி செய்து, மடித்து, உள்ளே கொல்லையில் பறித்த நாலு முருங்கைக்காயை வைத்துக் கொடுத்தார். அந்தக் காய் சாயங்காலம் வேறொரு வீட்டுக் குழம்பில் கிடந்தது.

பெரியம்மா எனக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நானாக யோசித்துப் பார்த்தது இது. சமாரியா நாட்டுக் கிணற்றங்கரையில் இயேசு அந்தப் பெண்ணிடம் முதலில் பேசியது, தாகத்துக்குத் தா என்பது. ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஊர் ஒதுக்கிவைத்த ஒருத்தியிடம் கையேந்தி அவர் ஆரம்பிக்கிறார். இயேசு சீஷர்களின் பாதம் கழுவின இரவில் குனிந்தது யார் என்று பாருங்கள்: துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டவர். பேதுரு காலை இழுத்துக்கொண்டபோதும் அவர் நிமிர்ந்து நின்று தாழ்மையைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. பேசினதும் குனிந்த இடத்தில் இருந்துதான். பெரியம்மாவுக்கு அன்றைக்கு உண்மையிலேயே துணை தேவைப்பட்டது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. அவர் செய்ததெல்லாம், தன் தேவையை மறைக்காமல் அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்ததுதான். நம்முடைய சபைகளில் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் இதைச் செய்வதே இல்லை. எங்களுக்கும் சுகர் இருக்கிறது, பிள்ளை பேச மாட்டேன் என்கிறான், ராத்திரி தூக்கம் இல்லை என்று மூட்டை கொடுக்கிறவர் வாங்குகிறவரிடம் சொன்னதை நான் கேட்டதில்லை.

சி.எம்.சி.யின் வாசகம், ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யவே என்று சுவிசேஷத்திலிருந்து எடுத்தது. அதே ஸ்கடர் குடும்பத்து டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே கட்டிலோடு தொடங்கிய இடம் இவ்வளவு பெரிதானதற்குப் பின்னால் அந்த வாசகத்தை உண்மையாக எடுத்துக்கொண்ட தலைமுறைகள் இருக்கின்றன. அதே வளாகத்தில்தான் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் ஒரு வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். முடங்கியவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையை வேலூரில் கட்டி எழுப்பினார். அவரைப் பற்றிப் பேசும்போது நாம் அவர் செய்த ஊழியத்தையே சொல்கிறோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒவ்வொரு நாளும் அவருக்கு யாராவது கை கொடுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கை வாங்கிக்கொண்டே கை கொடுத்தவர் அவர்.

எடை போடுகிறவர்

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். கரையோரத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது யாருக்குப் போர்வை, யாருக்குப் பால், எந்தப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று எந்தக் கூட்டமும் போடவில்லை. வீட்டு ஜெபத்துக்கு அலைந்த பெண்களுக்கு ஒவ்வொரு அடுப்படியும் தெரிந்திருந்தது. அண்ணன் தெரிந்தவரிடம் டெம்போ கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது டிரம்மை எடை போடுகிறவர் அவர்தான். வேறொரு கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. பொருளாளர் ஐயாவும் அவரும் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். வந்தது இவ்வளவு கிலோ, போனது இவ்வளவு கிலோ, கீழே இரண்டு பெண்களின் கையெழுத்து. பெயர் கிடையாது. பொருளாளர் ஐயா இதற்கு மனதார ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது, ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் பெயர்ப் பட்டியல் கேட்டபோது, அதெல்லாம் தேவையில்லை என்று எழுந்து சொன்னவர் அவர்தான்.

பெரியம்மாவால் இப்போது எல்லா வீட்டுக்கும் நடக்க முடிவதில்லை. அவருக்கு அடுத்து பையை எடுக்கும் இளம் பெண்கள் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். பொன்னிக்கு ஒரு டிரம், ரேஷன் அரிசிக்கு ஒரு டிரம் என்று பிரிக்கலாமாம். கலந்த அரிசி சரியாக வேகவில்லை, வாங்குகிறவர்களுக்கு நல்ல சோறு கிடைக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். பெரியம்மா முடியவே முடியாது என்கிறார். பிரித்தால் யார் வீட்டு அரிசி எந்த டிரம்மில் விழுகிறது என்று தெரியும், எந்த வீட்டுக்கு எது போகிறது என்றும் தெரியும் என்பது அவர் வாதம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இது முடிவாகும். நான் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, எனக்கு ஓட்டும் இல்லை. இருந்திருந்தால் ஒரே டிரம்முக்குத்தான் போட்டிருப்பேன். வேகாத அரிசிக்கு வழி இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒரு டம்ளர் கூட வைத்து, வடிக்காமல் பொங்கினால் போதும்.